மாமா சொல்லாமல் விட்ட காட்சி

திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். உங்களைப் பாதித்தவர் யார்? மற்றவர்கள் பெரிய இயக்குநர்களின் பெயர்களைச் சொல்வார்கள். ஈரான், கொரியா என்று தேசங்களும் வந்துபோகும். என் முறை வந்தால் நான் எங்கள் மாமா என்பேன். அவர் என்ன படம் பண்ணியிருக்கிறார் என்று அடுத்த கேள்வி. ஒன்றும் பண்ணவில்லை என்றதும் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

வார நாட்களில் எனக்கு ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அடுத்தவர்கள் எழுதிய நிரல் எங்கே உடையும் என்று சோதித்துச் சொல்வது என் பிரிவு. கம்பெனி பஸ் மேடவாக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது கைப்பேசியில் காட்சிகள் எழுதுகிறேன். இரண்டு வேலைக்கும் சம்பந்தமில்லை என்று என் தோழிகள் நினைக்கிறார்கள். இரண்டுமே கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டு ஹாலில் தொடங்கியவை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு கிண்டி எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு சினிமாவுக்குக் கதை எழுதப்போவதாகச் சொல்லி ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கதை ஓகே ஆகும்வரை இருப்பதாகத்தான் ஏற்பாடு. நான் பால்வாடிக்குப் போகும் முன் வந்தவர், நான் நான்காம் வகுப்பு போகும்போதும் இருந்தார்.

அப்பா பல்லாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். தன் வீட்டில் வருஷக்கணக்காகத் தங்கியிருக்கும் மைத்துனனிடம் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. எப்போதாவது சாப்பிடும்போது, "என்னப்பா, எப்படிப் போகுது?" என்பார். "போயிட்டிருக்கு அத்தான்" என்பார் மாமா. அதோடு இருவரும் ரசத்துக்குப் போய்விடுவார்கள்.

சினிமாவில் கதையை யாரும் படிக்கமாட்டார்கள் என்பதை நான் மாமாவிடம்தான் தெரிந்துகொண்டேன். எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் மேஜை மேலேயே கிடக்கும். கதையைச் சொல்ல வேண்டும். முதல் ஷாட் முதல் கடைசி ஷாட் வரை, இரண்டு மணி நேரம், மழை பெய்தால் மழையாக, பஸ் வந்தால் பஸ்ஸாக, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும். அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் இருக்கும் நாட்களில் மாமா ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு என்னைப் பாயில் உட்காரவைத்துக் கதை சொல்வார். நான்தான் தயாரிப்பாளர்.

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அந்த இடத்தில் கதை தொங்குகிறது என்று அர்த்தம். காலைச் சொறிந்தால் வசனம் நீளம். வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே கைவைக்கக் கூடாது. நன்றாக இருக்கிறதா என்று மட்டும் அவர் கேட்கவே மாட்டார். "கேட்டா பொய் சொல்லுவே. உன் காலு பொய் சொல்லாது" என்பார். அலுவலகத்தில் இதையே ஒரு முறையாக எனக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அவருடைய ஆசைகள் பெரியவை அல்ல. அவை மிகத் துல்லியமானவை. கதை, திரைக்கதை, வசனம் என்று போட்டுத் தன் பெயர் வர வேண்டும். அது படம் தொடங்கியவுடனே வந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் ஜனங்கள் டார்ச் வெளிச்சத்தில் சீட் தேடிக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, பாப்கார்ன் கவரின் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, தாம்பரத்தை விட்டுப் புறப்படும் ஒரு மின்சார ரயிலின் மேல் வர வேண்டும். வெள்ளை எழுத்து போதும்.

அவர் சொன்ன கதை ஓர் அப்பாவையும் மகளையும் பற்றியது. கஷ்டப்பட்டு மகளை ஒரு பள்ளியில் சேர்க்கிறார் அப்பா. மகள் படித்துக் கல்வி அதிகாரியாகி அதே பள்ளிக்குத் திரும்பி வருகிறாள். கூடவே காதல், ஒரு வில்லன், நான்கு பாட்டு. இதுபோன்ற கதை கோடம்பாக்கத்தில் தெருவுக்கு ஒன்று இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அதில் ஒரு காட்சி இருந்தது.

பள்ளியில் சேர்க்கும் தேதி முடிந்துவிட்டது. அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு தாளாளர் அறைக்குப் போகிறார். முடியாது என்கிறார் தாளாளர். மறுபடி கேட்கிறார். மறுபடி முடியாது. அப்பா மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அந்த மனிதரின் காலில் விழுகிறார். விழும்போது சட்டைப் பையிலிருந்து பேனா உருண்டு மேஜைக்கு அடியில் போகிறது. குழந்தை மேஜைக்கு அடியில் புகுந்து பேனாவை எடுக்கிறது. அப்பா எழுந்திருக்கவில்லை என்பதால் அதைத் தாளாளரிடம் நீட்டி, "தேங்க்யூ சார்" என்கிறது. பெரியவர்களிடம் எதைக் கொடுத்தாலும் தேங்க்யூ சொல்ல வேண்டும் என்று அப்பாதான் பழக்கியிருக்கிறார். தாளாளர் சிரித்துவிடுகிறார். இடம் கிடைக்கிறது.

ஒத்திகையில் குழந்தை நான். எங்கள் டீப்பாய்க்கு அடியில் தவழ்ந்து போய் பேனாவை எடுத்து நீட்டுவேன். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்காது. மாமாவுக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். அம்மா மட்டும் அந்தக் காட்சி வந்தால் அடுக்களையில் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். ஒருநாள் மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து, "இதெல்லாம் எதுக்குடா அதுல?" என்று கேட்டாள். "அதாங்க்கா கதையே. மத்ததெல்லாம் அதைச் சுத்திக் கட்டின பந்தல்" என்றார் மாமா. அம்மாவுக்கு என் நடிப்பு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அது கற்பனை இல்லை. தாம்பரத்தில் நான் படித்த பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். அந்த வருஷம் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த அலைச்சலில் அப்பா விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டிருக்கிறார். தாளாளர் அறைக்குள் அன்று நான்கு பேர் இருந்திருக்கிறோம்: தாளாளர், அப்பா, நான், என்னைத் தூக்கிக்கொண்டு வந்த மாமா. வெளியே வந்ததும் அப்பா மாமாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். மாமா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா என்னிடம் சொன்னது, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எனக்கும் கதை எழுத ஆசை இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று. ஒன்பது வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு நல்ல காட்சி, அதில் எனக்கு ஒரு வசனம், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை தயாரிப்பாளர் எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடானது. படப்பை பக்கம் மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தவர். முதல் படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய மேனேஜரிடம் மாமா ஒரு டீக்கடை வாசலில் அந்தப் பள்ளிக்கூடக் காட்சியை மட்டும் சொல்லியிருந்தார். மேனேஜர் போய்த் தன் முதலாளியிடம் சொல்ல, முதலாளி கீழ்க்கட்டளையில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வருவதாகவும் அப்படியே கேட்டுவிட்டுப் போவதாகவும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சொன்னால் அப்பா காதில் விழுமே என்று மாமா கலங்கிவிட்டார். சனிக்கிழமை அப்பாவுக்கு முதல் ஷிப்ட், அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார் போலிருக்கிறது. ஆனால் அப்பா அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதியமே வந்துவிட்டார். கையில் மிக்சர், பாதுஷா. மாடி வீட்டிலிருந்து இரண்டு நல்ல நாற்காலி வாங்கி வந்தார். ஃபேன் காற்று எந்த நாற்காலிக்கு அதிகம் வரும் என்று உட்கார்ந்து பார்த்து, அதைத் தயாரிப்பாளருக்கு என்று ஒதுக்கினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். தன் வீட்டுக்கு யாரோ பெண் பார்க்க வருவது போல இருந்தது அவர் நடமாட்டம்.

"அத்தான், உங்களுக்கு எதுக்கு சிரமம். ரெண்டு மணி நேரம் உக்காரணும். போரடிக்கும்" என்றார் மாமா.

"இத்தனை வருஷம் நீ என்ன எழுதினேன்னு நானும் கேக்க வேணாமா?" என்றார் அப்பா.

தயாரிப்பாளர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கிரகப்பிரவேசத் தாம்பூலப் பை. எந்த நாற்காலியைக் காட்டினோமோ அதில் உட்காராமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நாற்காலின்னா எனக்குத் தூக்கம் வந்துரும். சொல்லு தம்பி, டயம் ஆவுது" என்றார்.

மாமா சொல்ல ஆரம்பித்தார். வழக்கமாக வீட்டில் லுங்கியோடு திரியும் மாமா அன்று வேறு ஆள். அவர் ரயில் என்றால் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வில்லனாகப் பேசியபோது மிக்சரை நோக்கிப் போன தயாரிப்பாளரின் கை நின்றது. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு வியப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. இந்தப் பையனுக்குள் இவ்வளவு இருந்ததா என்பது போல அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அடுக்களை நிலைப்படியில் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில், என் காட்சிக்காக, சட்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன்.

"அப்பா, பொண்ணு கையைப் பிடிச்சிக்கிட்டு பள்ளிக்கூட கேட்டுக்குள்ள வர்றாரு சார்" என்றார் மாமா. குரல் கொஞ்சம் இறங்கியது. "நீளமான வராண்டா. கடைசியில ஒரு ரூம். அந்த ரூம்ல ஒரு பெரிய மேஜை."

அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, "சொல்லிட்டிருங்க, பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். பிரிட்ஜில் பால் இருந்தது. எதையும் வீணாக வாங்க விடாத அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமா பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் காட்சிக்கு நான் இல்லையே என்று தவிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, "சீக்கிரம் வந்துடறேன் மாமா" என்றேன்.

மெயின் ரோட்டு முனையில் ஒரு பால் பூத் இருந்தது. அப்பா பால் வாங்கவில்லை. எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். சளி பிடிக்கும் என்று அவர் அதுவரை எனக்குக் குளிர்ச்சியாக எதுவும் வாங்கித் தந்ததில்லை என்பதால் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. தண்ணீர் லாரி ஒன்று சாலையெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டு போனது. அப்பா அதைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், மறுபடி சாலையைப் பார்த்தார்.

"அப்பா, போலாம்பா. என் சீன் வந்துடும்."

"உன் சீனா?"

"ஆமா. பேனாவை எடுத்துக் குடுக்கற சீன். டீப்பாய்க்கு அடியில போயி எடுக்கணும்."

அப்பா சாலையை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "எடுத்து யார்கிட்ட குடுப்பே?" என்று கேட்டார்.

"அந்த சார்கிட்ட. குடுத்துட்டு தேங்க்யூ சார்னு சொல்லணும். மாமா அழுவாரு. அம்மா மிக்ஸி போட்டுடுவாங்க."

அப்பா சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதால் சரியாகத் தெரியவில்லை. "அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றார். நான் மறுபடி கையைப் பிடித்து இழுத்தேன். "இரு. நான் அங்க இருந்தா உங்க மாமாவால அதைச் சொல்ல முடியாது. முழுசா சொல்லி முடிக்கட்டும், அப்புறம் போலாம்" என்றார். மறுபடி வாட்சைப் பார்த்தார். ஒரு காட்சிக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் கதை முழுவதும் முடியும் அளவுக்கே நேரம் கொடுத்துவிட்டார்.

நாங்கள் திரும்பியபோது தயாரிப்பாளர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாமா அதைக் காலால் நகர்த்தி அவர் முன்னால் வைத்தார்.

"இன்னா தம்பி, அந்த ஸ்கூல் மேட்டரு இன்னாச்சு? மேனேஜரு அத்தச் சொல்லித்தான என்னிய இட்டாந்தான்."

"அது ஒட்டல சார். எடுத்துட்டேன்."

"ஒட்டலியா? அத்த எடுத்துட்டா மீதி இன்னா கீது? பொண்ணு படிக்கிது, ஆபீசராவுது. எல்லாரு கையிலயும் கீற கதைதான் இது." அவர் கோபமாகச் சொல்லவில்லை, ஏமாந்தவர் போலத்தான் சொன்னார். "நல்லா சொல்ற. அதுல டவுட்டு இல்ல. அந்த சீன வெச்சிக் குடுக்கறேன்னா நாளைக்குள்ள மேனேஜருக்கு ஒரு போன் போடு. உடனே அட்வான்ஸ் போட்டுரலாம். இல்லாங்காட்டி உட்டுரு, நா வேற கதை கேட்டுகினு இருக்கேன்."

"அது நல்லாத்தானே இருந்துச்சு மாமா" என்றேன் நான். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அப்பா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பால் இல்லாத அவர் கைகளை மாமா பார்த்தார். அப்பா வாயைத் திறந்தார். ஆனால், "காப்பி சாப்ட்டீங்களா சார்?" என்று தயாரிப்பாளரிடம் கேட்கத்தான் அவருக்கு வந்தது. கார் போன பிறகு இருவரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டில் கொடுக்கப் போனார்கள். படியில் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக ஏறினார்கள்.

அந்தப் படம் எடுக்கப்படவில்லை. தயாரிப்பாளர் வேறொரு கதையை எடுத்தார், ஓடவில்லை. மாமா அடுத்த வருஷம் அனகாபுத்தூரில் ஒரு வீடியோ கடையில் சேர்ந்து, பிறகு அதையே தன் கடையாக ஆக்கிக்கொண்டார். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறார். மாலை மாற்றுவதற்கு முந்தைய அரை நொடி அமைதியை அவர் மாதிரி யாரும் விட்டுவைப்பதில்லை என்று அவரிடம் எடிட் செய்யக் கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். அதன் பிறகு அவர் யாருக்கும் கதை சொன்னதில்லை. நான் எழுதியதைக் காட்டினால் வாங்கிப் படிக்கிறார். சொல்லிக் காட்டவா என்றால், "வேணாம்டா, படிச்சிக்கறேன்" என்கிறார். அப்பாவும் அவரும் இன்றும் பண்டிகைக்குப் பண்டிகை பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மற்றவரைத் தான் காப்பாற்றப் பார்த்ததாக இருவருமே நினைக்கிறார்கள் போல. அன்று அப்பா கோபித்துக்கொண்டுதான் எழுந்து போனார் என்று மாமா நம்பிக்கொண்டிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை வைத்து நானாகத் தெரிந்துகொண்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. நான் மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமா வந்து தண்ணீர் டாங்க்கின் நிழலில் உட்கார்ந்தார். கையில் கைப்பேசி இருந்தது. மேனேஜரின் எண்ணை எடுத்து வைத்திருந்தார் என்பது இப்போது புரிகிறது.

"நேத்து அப்பா உன்னை எங்க கூட்டிட்டுப் போனாரு?"

"பால் பூத்துக்கு."

"என்ன பண்ணீங்க அவ்ளோ நேரம்?"

எனக்கு அப்போதே எதையும் வரிசையாகச் சொல்லும் பழக்கம் உண்டு. ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். பால் வாங்கவில்லை. தண்ணீர் லாரி போனது. வாட்சைப் பார்த்தார், நிறையத் தடவை பார்த்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னதாக எனக்குத் திருப்தி.

"வீட்டுக்கு வரமாட்டேன்னாரா?"

"ஆமா."

"வேற எதாவது சொன்னாரா?"

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். வாங்கியது, பார்த்தது, செய்தது எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. நான் போகலாம் என்று அடம்பிடித்தபோது அப்பா 'இரு' என்று என்னை நிறுத்திவைத்துச் சொன்னதை யாராவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக நான் நினைக்கவேயில்லை. பெரியவர்கள் குழந்தைகளை அடக்க எதையாவது சொல்வார்கள், அதில் ஒன்று.

"வேற ஒண்ணும் சொல்லல மாமா" என்றேன்.

மாமா கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்னிடமிருந்து வாளியை வாங்கி, மீதிச் செடிகளுக்கு அவரே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.